ஒரே நகரத்தில் நிகழும் காதல் கதைகளைத் தொகுத்த படங்களில் எதைப் பரிந்துரைப்பீர்கள், எந்தக் கதைக்காக?

தயக்கமின்றி 2006இல் வெளியான 'பாரிஸ், ஜெ தெம்' என்ற படத்தைத்தான் சொல்வேன். ஏறத்தாழ ஐந்தைந்து நிமிடங்கள் ஓடும் 18 குறும்படங்களின் தொகுப்பு அது. பல நாட்டு இயக்குநர்கள் எடுத்த அக்கதைகள் ஒவ்வொன்றும் பாரிஸின் வெவ்வேறு பகுதியில் நிகழ்கின்றன. அந்நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. நடுவிலிருந்து நத்தை ஓட்டைப் போலச் சுழன்று வெளியே செல்லும் வரிசையில் அவற்றுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன. வட்டாரத்துக்கு ஒரு கதை என்று தொடங்கிய திட்டத்தில் இரண்டு மட்டும் இறுதி வடிவத்தில் இடம்பெறவில்லை.

காதல் நகரம் என்றதும் நம் மனத்தில் எழும் ஈபிள் கோபுரமும் ஆற்றங்கரையும் இதிலும் உண்டு. ஆனால் என்னை மீண்டும் மீண்டும் இப்படத்திடம் அழைத்துச் செல்பவை, அந்த அழகுக்கு வெளியே வாழ்பவர்களின் கதைகள். பிரேசிலைச் சேர்ந்த வால்டர் சாலஸும் டானியேலா தோமஸும் இயக்கிய கதையில், கத்தலினா சாந்தினோ மொரேனோ நடித்த இளந்தாய் விடியும் முன்பே தன் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறாள். குழந்தை அழுகிறது, குனிந்து, கையை அசைத்து, ஸ்பானிய மொழியில் ஒரு தாலாட்டைப் பாடி அதை அமைதிப்படுத்துகிறாள். பின்னர் வண்டி மாறி வண்டி ஏறி, நகரத்தைக் கடந்து, செல்வந்தர்கள் வாழும் 16ஆம் வட்டாரத்துக்கு வருகிறாள். அங்கே அவளுக்கு வேலை, இன்னொருத்தியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. இன்று திரும்ப ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று வீட்டு எஜமானியின் குரல் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரம் யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த வீட்டுக் குழந்தை அழும்போது அதே பாட்டு, அதே கையசைவு; பார்வை மட்டும் வேறெங்கோ இருக்கிறது. காதலர் என்று எவரும் இல்லாத இந்தக் கதையைக் காதல் கதைகளின் நடுவில் வைக்கத் துணிந்ததே இத்தொகுப்பின் பெருமை என்பேன்.

வடகிழக்கே 19ஆம் வட்டாரத்தில் நிகழும் ஆலிவர் ஷ்மிட்ஸின் கதையும் அதற்கு இணையானது. கத்திக்குத்துப்பட்டுச் சதுக்கத்தில் கிடக்கும் லாகோஸ் நகரத்து இளைஞன், தனக்கு முதலுதவி செய்யும் பெண்ணிடம், தன்னுடன் ஒரு காபி குடிக்க வருவாளா என்று கேட்கிறான். அவன் ஏன் அப்படிக் கேட்கிறான் என்பது பின்னோக்கிச் செல்லும் காட்சிகளில் நமக்குப் புரிவதற்குள், அவள் சொல்லியனுப்பிய காபி வந்துவிடுகிறது, அவன் இல்லை. ஐந்து நிமிடம் என்ற அளவு இங்கே ஒரு குறையாகவே தெரியவில்லை, ஏனெனில் அவனுக்கும் அவ்வளவு நேரந்தான் இருந்தது.

இசபெல் கொயிஷேயின் கதையில், வேறொருத்திக்காக மனைவியைப் பிரிய முடிவெடுத்த கணவன், மனைவிக்கு ரத்தப் புற்றுநோய் என்று அறிந்து அவளுடனேயே தங்கிவிடுகிறான். காதலிப்பவனைப் போல நடந்துகொள்ளப் போய் உண்மையிலேயே மறுபடியும் காதலிக்கத் தொடங்குகிறான். இதையும் தவறவிடாதீர்கள். எல்லாக் கதைகளும் இந்தத் தரத்தில் இல்லை. ரத்தக்காட்டேரியைப் பற்றிய கதை எந்த ஊரில் வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். போர்த் து ஷுவாசி பகுதியில் நடக்கும் கதை என் மனத்தில் ஒட்டவேயில்லை.

இதே தயாரிப்புத் தொடரில் பின்னர் நியூயார்க், ரியோ ஆகிய நகரங்களைப் பற்றியும் படங்கள் வந்தன. நியூயார்க் படத்தில் பகுதிகளின் பெயர்களைக் காட்டாமல் கதைகளை ஒன்றோடொன்று இழையவிட்டிருக்கிறார்கள். அதனால் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்ற உணர்வு நழுவிவிடுகிறது. எனவே பாரிஸிலிருந்தே தொடங்குங்கள். மொழிமாற்றம் செய்த வடிவத்தைத் தவிர்த்து, துணைத்தலைப்புகளோடு பாருங்கள். அலெக்சாண்டர் பெய்ன் இயக்கிய இறுதிக் கதையில், டென்வரிலிருந்து தனியாகச் சுற்றுலா வந்த தபால்காரப் பெண், தட்டுத்தடுமாறிக் கற்ற பிரெஞ்சு மொழியில் தன் பயணத்தைத் தானே விவரிக்கிறாள். அந்த உச்சரிப்பைக் காதால் கேட்காவிட்டால், பூங்கா இருக்கையில் அமர்ந்திருக்கும்போது அவளுக்குள் ஒருசேர எழும் மகிழ்ச்சியும் துயரமும் பாதிதான் நம்மை வந்தடையும்.