வாசகர் கேள்வி பதில்: கைப்பேசியில் போகும் வீட்டுக் காசு

கேள்வி: என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். இருபது ஆண்டுகளாக மாதச் சாமான்களை 555 என்ற சின்னக் கடன் கணக்குப் புத்தகத்தில் எழுதி வாங்கி, சம்பளத்தன்று கடனைத் தீர்த்து வந்தேன். இப்போது கடைக்காரர் கியூஆர் அட்டை ஒட்டிவிட்டார். மகன் என் கைப்பேசியில் மின்பணப்பையைப் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து 20ஆம் தேதிக்குள் பணம் தீர்ந்துவிடுகிறது. எதில் போனதென்றே தெரியவில்லை. மறுபடியும் ரொக்கத்துக்கே திரும்பிவிடலாமா?
– ஓர் இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது, கைப்பேசி வந்த கையோடு 555 புத்தகம் வீட்டைவிட்டுப் போய்விட்டதே என்பதுதான். அந்தச் சின்னப் புத்தகத்தில் அரிசி 10 கிலோ, பருப்பு அரைக் கிலோ, மஞ்சள்தூள் ஒரு பொட்டலம் என்று வாங்கிய பொருளும் விலையும் வரிவரியாக இருந்தன. கைப்பேசியின் கணக்குப் பக்கத்திலோ தேதி, கடையின் பெயர், மொத்தத் தொகை ஆகியவை மட்டுமே இருக்கும். கடைக்கு 38 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு போனது என்று அது சொல்லும். அதில் சமையல் எண்ணெய் எவ்வளவு, பிள்ளைகள் கேட்ட தின்பண்டம் எவ்வளவு என்று சொல்லாது.

என் வீட்டிலும் கடந்த ஆண்டு இதே குழப்பம் வந்தது. ஒரு 555 புத்தகத்தை வாங்கி, பென்சிலை நூலில் கட்டி, அரிசி வாளிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டேன்; இரவில் அடுப்பைத் துடைத்து முடித்ததும் அன்றைய செலவை எழுதிவிட்டுத்தான் படுப்பேன். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், மளிகைச் செலவு எப்போதும் போலவே இருந்தது. இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி என்று ஐஸ் மைலோவுக்கும் பீசாங் கோரெங்குக்கும் போனதுதான் மலைபோல் சேர்ந்திருந்தது. மணிபர்ஸைத் திறந்து நோட்டை எண்ணிக் கொடுத்திருந்தால் இரண்டாம் நாளே எனக்கு உறைத்திருக்கும்.

ஆகவே ரொக்கத்துக்கு முழுவதுமாகத் திரும்ப வேண்டியதில்லை. முதலில், மின்பணப்பையில் இருப்பு குறைந்தால் வங்கியிலிருந்து தானாகப் பணம் நிரம்பும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்; இயங்கினால் அதை நிறுத்திவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் 600 வெள்ளி என்றால், ஞாயிறுதோறும் 150 வெள்ளியை நீங்களே நிரப்புங்கள். புதன்கிழமையே இருப்பு 40 வெள்ளிக்கு இறங்கிவிட்டால், மீதி நாள்களை எப்படி ஓட்டுவது என்று உங்களுக்கே யோசனை வந்துவிடும். மோட்டாரில் மீன் கொண்டு வருபவருக்கும், கைப்பேசிக்கு லைன் கிடைக்காத இடங்களுக்கும் கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். மகன் போட்டுக் கொடுத்தான் என்கிறீர்கள். ரகசிய எண்ணையும் அவனே வைத்தானா? அப்படியானால் அதை இன்றே மாற்றிவிடுங்கள். பிள்ளையின் மீது சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. குடும்பக் காசைக் கட்டிக்காத்தவர் நீங்கள். அதன் சாவியும் உங்களிடமே இருக்க வேண்டும். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் அதையும் தொடங்குங்கள். 2019இல் வந்த டுயிட்நவ் கியூஆர் நாடு முழுமைக்கும் பொதுவான குறியீடு என்பதால், அதில் இணைந்துள்ள வங்கிகளின் செயலியிலிருந்தே அதை ஸ்கேன் செய்து பணம் செலுத்தலாம். தனியாக ஒரு மின்பணப்பை கட்டாயமில்லை.

கேள்வி: அடிப்படைப் பொருள்கள் வாங்க அரசாங்கம் தரும் சாரா உதவித்தொகையை வாங்கித் தருவதாக ஒருவர் இணைப்பு அனுப்பி, வங்கி ரகசிய எண்ணைக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: கொடுக்கவே கூடாது, அம்மா. சாரா தொகை உங்கள் அடையாள அட்டை வழியாகவே வருகிறது. 2025 ஆகஸ்டு 31இல் தொடங்கி, 18 வயது நிரம்பிய மலேசியர் எல்லோருக்கும் 100 வெள்ளி கிடைத்ததும் அப்படித்தான்; யாரும் விண்ணப்பம் போடவில்லை. பதிவு பெற்ற கடையில் அரிசி, முட்டை, எண்ணெய் போன்ற அடிப்படைப் பொருள்களை எடுத்துக்கொண்டு, முகப்பில் அட்டையைக் கொடுத்தால் போதும். அதற்குக் கைப்பேசியோ வங்கி ரகசிய எண்ணோ தேவையில்லை. ஒருவேளை ஏற்கெனவே எண்ணைக் கொடுத்திருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே உங்கள் வங்கியை அழையுங்கள்; பணம் போயிருந்தால் மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கும் அழைத்துச் சொல்லிவிட்டு, போலீசில் புகார் கொடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுப்பதற்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கேள்வி: நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரே கடையில் ஒரே சாமான்களை வாங்கினோம். ரொக்கம் கொடுத்த அவரிடம் 23 வெள்ளி 45 காசும், கியூஆரில் செலுத்திய என்னிடம் 23 வெள்ளி 43 காசும் வாங்கினார்கள். இது சரிதானா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சரிதான். ஒரு காசு நாணயத்தை நிறுத்தியபோது, 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிக்கட்டும் முறை வந்தது. 43 காசு 45 ஆவதைப் போலவே, 42 காசாக இருந்தால் 40 ஆகக் குறையும். அட்டையிலோ கைப்பேசியிலோ செலுத்துவோருக்கு இந்தச் சரிக்கட்டல் கிடையாது. பில்லில் உள்ள தொகை அப்படியே போகும். கடைக்காரர் உங்கள் இருவரிடமும் முறைப்படியே வாங்கியிருக்கிறார் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.