சிசிலிக்கு உண்டு, பாரிசுக்கு இல்லை: வெளிநாட்டில் வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியரின் குளிர்காலக் கேள்விகள்

கேள்வி: லண்டனில் இருபத்தைந்து ஆண்டு வேலை செய்துவிட்டு, 2016-ல் மகள் வீட்டோடு பாரிஸ் புறநகருக்கு வந்துவிட்டேன். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வருகிறது. என்னைப் போலவே லண்டனில் உழைத்த தம்பி, அதே ஆண்டு சிசிலியில் பலேர்மோவுக்குப் போனான். அவனுக்குக் குளிர்கால எரிபொருள் பணம் வருகிறது, எனக்கு இல்லை. ஜனவரியில் இங்கே பல் கிட்டிப்போகிறது; அங்கே ஆரஞ்சு காய்த்துத் தொங்குகிறது. இது என்ன கணக்கு?
(வாசகர், லா கூர்நேவ்)

பதில்: கணக்கு சரி, நியாயத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஓய்வூதிய வயதினரின் சூடாக்கும் செலவுக்கென ஆண்டுதோறும் தரும் இந்தப் பணத்துக்கு, 2015-16 குளிர்காலத்திலிருந்து பிரிட்டன் நாடுவாரியாக ஒரு வெப்பநிலைச் சோதனை வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி அதற்கு அளவுகோல். அங்கே குளிர்காலச் சராசரி 5.6 டிகிரி செல்சியஸ். அதைவிடச் சராசரி கூடிய நாடுகளை நீக்கிவிட்டார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ், சைப்ரஸ், மால்டா, ஜிப்ரால்டர், பிரான்ஸ் ஆகிய ஏழுக்கும் பணம் கிடையாது.

சராசரி எடுத்தது நாடு முழுவதற்கும் சேர்த்து. பிரான்ஸ் என்றால் கரீபியக் கடலில் இருக்கும் குவாதலூப், மார்த்தினிக், நம் பக்கத்து ரீயூனியன் தீவு எல்லாம் அதற்குள் வரும். அந்தத் தீவுகளின் வெயில் உங்கள் பாரிஸ் குளிரைக் கணக்கில் சூடாக்கிவிட்டது. இத்தாலியில் தலைகீழ்: ஆல்ப்ஸ் மலைப் பனி சராசரியை இறக்கிவிட, அதன் பலன் பலேர்மோவரை போகிறது. மேல்முறையீடு செய்வதில் பயனில்லை. வீட்டுக்குள் எத்தனை டிகிரி என்று யாரும் பார்ப்பதில்லை, எந்த நாட்டு முகவரி என்றுதான் பார்க்கிறார்கள்.

பிரான்சிலேயே ஒன்று இருக்கிறது: ‘ஷெக் எனர்ஜி’, அதாவது எரிசக்திச் செலவுக்கு அரசு தரும் உதவிச் சீட்டு. வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 48 முதல் 277 யூரோ வரை, வீட்டுக்கு ஒன்று. வரி அறிக்கையில் பதிவாகும் வருமானத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ‘எனக்குத்தான் வரியே வராதே’ என்று அறிக்கை போடாமல் விட்டவர்களுக்கு இது கிடைப்பதில்லை. மகளின் குடும்ப வருமானமும் சேர்ந்தே கணக்காகும் என்பதால், அவர் நல்ல வேலையில் இருந்தால் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: 2019-ல் லண்டனிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தோம். எனக்கு வயது 76, மனைவிக்கு 82. இதுவரை இந்தப் பணத்துக்கு விண்ணப்பித்ததே இல்லை. இப்போது முடியுமா? இன்னொன்று: ஆண்டு முழுக்க ஹீட்டரை மூடியே வைத்திருந்த சின்ன அறைக்கும் சேர்த்து வீட்டுக்காரர் பில் போட்டிருக்கிறார்.
(வாசகர், ஸ்டுட்கார்ட்)

பதில்: முடியும். ஜெர்மனி இந்தப் பணம் கிடைக்கும் நாடுகளில் ஒன்று, நீங்கள் 2021 ஜனவரி 1-க்கு முன்பே குடிபெயர்ந்தவர்கள். இந்த இரண்டும்தான் பலருக்கு இடறுகிற இடம். மூன்றாவதாக, பிரிட்டிஷ் சமூகப் பாதுகாப்போடு உண்மையான, போதுமான தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும். அங்கே வேலை செய்த ஆண்டுகள், அங்கே இருக்கும் பிள்ளைகள் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதுங்கள்.

2025-26 குளிர்காலத்துக்கான தகுதி வாரம் 2025 செப்டம்பர் 15 முதல் 21 வரை. 1959 செப்டம்பர் 21 அல்லது அதற்கு முன் பிறந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு மொத்தம் 300 பவுண்டு: 80-ஐத் தாண்டிய மனைவிக்கு 200, உங்களுக்கு 100. இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ‘அவர் போட்டுவிட்டார், அதுவே போதும்’ என்று இருந்துவிட்டால் ஒரு பங்கு போய்விடும். பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. தேசியக் காப்பீட்டு எண், திருமணத் தேதி, வங்கியின் ஐபான், பிஐசி எண்கள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். படிவம் 2026 மார்ச் 31-க்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அன்று தபாலில் போட்டால் போதாது. ஒரு முறை கிடைத்துவிட்டால், விவரம் எதுவும் மாறாதவரை அடுத்த ஆண்டுகளில் தானாகவே வரும்.

ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் போனால் பிரிட்டிஷ் வரித்துறை பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதைத் தம்பதியாகக் கூட்டிப் பார்ப்பதில்லை, ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள்.

இனி ஹீட்டிங் பில். ஜெர்மன் விதிப்படி மொத்தச் செலவில் 50 முதல் 70 சதவீதம் வரைதான் மீட்டர் காட்டும் பயன்பாட்டின்படி பிரிப்பார்கள். மீதி பொதுவாக வீட்டின் பரப்பளவின்படி. ஆகவே மூடி வைத்த அறைக்கும் ஒரு பங்கு வரத்தான் செய்யும், அது பிழையில்லை. பிழை வேறு இடங்களில் இருக்கும். முந்தைய ஆண்டின் பில்லைப் பக்கத்தில் வைத்துச் சதுர மீட்டரையும், மீட்டரின் தொடக்க எண்ணையும் ஒப்பிடுங்கள். கணக்குக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் பில் வரவில்லை என்றால் வீட்டுக்காரர் பொதுவாகப் பாக்கி கேட்க முடியாது. பில் கைக்கு வந்த பின் ஆட்சேபிக்க உங்களுக்கும் 12 மாதம் உண்டு. மூல ரசீதுகளைப் பார்க்கக் கேட்பதும் உங்கள் உரிமை.

ரேடியேட்டர் திருகில் இருக்கும் எண்கள் வேகத்தைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். 5-ல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது. அந்த எண் எந்த வெப்பநிலையில் நிறுத்த வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. 2 என்றால் சுமார் 16 டிகிரி, 3 என்றால் 20, 5 என்றால் 28. திருகின் மேல் கனத்த திரை தொங்கினாலோ சோபா ஒட்டி நின்றாலோ, அங்கே தேங்கும் சூட்டை அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு அது மூடிவிடும். ‘ஹீட்டர் வேலை செய்யவில்லை’ என்று ஆள் கூப்பிடும் முன் திரையை விலக்கிப் பாருங்கள்.

கேள்வி: அலிகாந்தேயில் பத்து ஆண்டாக இருக்கிறோம். ஸ்பெயினுக்கு எரிபொருள் பணம் இல்லை என்பது தெரியும். சிக்கனத்துக்காகக் கேஸ் சிலிண்டர் ஹீட்டர் வைத்திருக்கிறோம். சுவரெல்லாம் கரும்பூஞ்சை, மெத்தைகூட ஈரமாக இருக்கிறது.
(வாசகி, அலிகாந்தே)

பதில்: அம்மா, அந்த ஈரம் வெளியிலிருந்து வரவில்லை, ஹீட்டரிலிருந்து வருகிறது. ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். நீங்கள் வாங்கும் ஆரஞ்சு நிறச் சிலிண்டரில் 12.5 கிலோ, அது தீரும்போது சுமார் 19 லிட்டர் தண்ணீர் உங்கள் வீட்டுக் காற்றில் கலந்திருக்கும். ஹீட்டரின் மூன்று பட்டியும் எரிந்தால் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆவி குளிர்ந்த சுவரில் போய்ப் படிகிறது. அங்குள்ள பழைய வீடுகள் பல வெயிலுக்காகக் கட்டியவை. தரை ஓடு, சுவரில் குளிர்காப்பு இல்லை. பூஞ்சைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஈரத்துக்குப் பயந்து எல்லாச் சன்னலையும் அடைத்துவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. படுக்கையறையில் இந்த ஹீட்டர் வேண்டவே வேண்டாம். ரப்பர் குழாயில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், இன்றே பாருங்கள்.

கோடைக்கு வைத்த ஏ.சி.யில் சூடாக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். எண்ணெய் ரேடியேட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் சூடு தரும், ஏ.சி. சுமார் மூன்று தரும். 20 டிகிரியில் நிறுத்தி, காற்றுத் தகடுகளைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். சூடான காற்று எப்படியும் மேலே போய்விடும். வடிகட்டியை மாதம் ஒரு முறை கழுவாவிட்டால் இந்தச் சிக்கனமெல்லாம் வீண்.

மின்சாரம் அடிக்கடி ‘டிரிப்’ ஆகிறதென்றால் ஒப்பந்த மின்திறனைப் பில்லில் பாருங்கள். 3.45 கிலோவாட் என்றிருந்தால், 1.5 கிலோவாட் ஹீட்டர் இரண்டு ஓடும்போது கெட்டிலைப் போட்டாலே போச்சு. திறனைக் கூட்டினால் மாதக் கட்டணமும் கூடும். கெட்டில் கொதிக்கும் இரண்டு நிமிடம் ஒரு ஹீட்டரை நிறுத்துவது மலிவு.

வருமானம் குறைவென்றால் ‘போனோ சோசியல்’ மின் தள்ளுபடிக்கு மனுப் போடுங்கள். நகராட்சிப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அரசு நிர்ணயிக்கும் ‘பிவிபிசி’ (PVPC) கட்டணத் திட்டத்திலும், 10 கிலோவாட்டுக்கு மிகாத ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். அது கிடைத்தவர்களுக்குச் சூடாக்கும் செலவுக்கென ஆண்டுக்கு ஒரு தொகை தானாகவே வரும்.

கேள்வி: ஓய்வு பெற்று 2011-ல் இலங்கை திரும்பி நுவரெலியாவில் இருக்கிறேன். இங்கேயும் குளிர்தான். செப்டம்பரில் ஒரு மாதம் லண்டன் போய் வந்தால் எரிபொருள் பணம் கிடைக்குமா?
(வாசகர், நுவரெலியா)

பதில்: கிடைக்காது. செப்டம்பரில் வரும் தகுதி வாரத்தில் வழக்கமாக வசிக்கும் இடம் பிரிட்டனாக இருக்க வேண்டும். விருந்தாளியாகப் போய் இருப்பது கணக்கில் வராது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அப்பால் இந்தப் பணம் போவதில்லை.

உங்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. இலங்கை, இந்தியா, ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் வாழ்பவர்களின் ஓய்வூதியம் உறைந்து நின்றுவிடும். 2011-12-ல் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரம் 102.15 பவுண்டு. 2025-26-ல் அதுவே பிரிட்டனிலும் இத்தாலியிலும் 176.45, உங்களுக்கு இன்றும் அதே 102.15. இதை எதிர்த்த வழக்கில் 2010-ல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றமும் ஓய்வூதியருக்குச் சாதகமாகத் தீர்க்கவில்லை. ஆனால் பிரிட்டனில் தங்கும் நாட்களுக்கு இன்றைய விகிதம் கேட்டுப் பெறலாம். புறப்படும் முன் பிரிட்டனின் சர்வதேச ஓய்வூதிய மையத்துக்குத் தேதிகளைத் தெரிவித்து, பயணச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

உயிர்ச் சான்றிதழ் படிவம் வந்தால் 16 வாரத்துக்குள் சாட்சிக் கையெழுத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். தவறினால் உறைந்த ஓய்வூதியமும் நின்றுவிடும். தபால் தாமதத்தையும் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: ‘குளிர்கால மானியம் காத்திருக்கிறது, இன்றே பதியுங்கள்’ என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. சுட்டியை அழுத்தலாமா?
(வாசகி, சூரிச்)

பதில்: வேண்டாம். இந்தப் பணத்துக்காகக் குறுஞ்செய்தியில் வங்கி விவரம் கேட்கும் பழக்கம் பிரிட்டிஷ் ஓய்வூதியத் துறைக்கும் இல்லை, வரித்துறைக்கும் இல்லை. ஏற்கெனவே வங்கி விவரத்தைக் கொடுத்துவிட்டிருந்தால் வங்கியை இன்றே கூப்பிட்டு அட்டையை முடக்குங்கள்.