ஒயர் இல்லாத நெட்வொர்க்கில் எத்தனை வகை? எல்லாவற்றுக்கும் வைஃபை போதாதா?

எல்லாமே காற்றில் போகும் ரேடியோ அலைதானே, வைஃபை ஒன்றே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். புது வீட்டுக்குக் குடிபோகிறீர்கள் போலிருக்கிறது. வீட்டுக்குள் என்றால் போதும். வாசலைத் தாண்டினால் போதாது. அதைக் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டவன் நான்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. வீட்டிலிருந்து போர் மோட்டார் ரூமுக்கு 700 மீட்டர். மோட்டார் ஓடத் தேவையான மும்முனை கரண்ட் நள்ளிரவில் வந்தால், அதைப் போட அப்பா டார்ச்சோடு நடப்பார். ஒரு நாள் வரப்பில் கட்டுவிரியனை மிதிக்கப் பார்த்தார். அன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் வைஃபை. "இந்த ரவுட்டர் தோப்பு முழுக்க எடுக்கும்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். இரண்டாவது வரிசை மரத்தோடு சிக்னல் போய்விட்டது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈரமான மட்டை நன்றாகவே விழுங்கும். நேராக மறைப்பில்லாமல் இருந்தால் டிஷ் ஆன்டெனா வைத்து வைஃபையையே பல கிலோமீட்டர் கொண்டு போகலாம், அது எனக்கும் தெரியும். எங்களுக்கு நடுவில் நிற்பது மரம்.

அடுத்து சிம் போடும் ஸ்டார்ட்டர். போன் செய்தால் மோட்டார் ஓடும். ஆனால் மோட்டார் ரூம் பள்ளத்தில் இருக்கிறது. "கண்ணு, இங்க ஒரு கோடு கூட வரல" என்றார் அப்பா.

கடைசியில் கைகொடுத்தது லோரா (LoRa), கொஞ்சம் டேட்டாவை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறை. நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் லைசென்ஸ் இல்லாமல் ஓடுவது. தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடும்போது "ஏஏஏய்" என்று இழுப்போமே, அதுபோல ஒவ்வொரு துணுக்குச் செய்தியையும் இழுத்து மெதுவாக அனுப்பும். அதனால் சிக்னல் ரேடியோ இரைச்சலுக்கு அடியில் கிடந்தாலும் பிடித்துவிடலாம். வீடியோ போகாது, பாட்டு போகாது. 'ஆன்', 'ஆஃப்', 'ஓடுகிறது' மூன்றும் போகும். எங்களுக்கு அவ்வளவுதான் வேண்டும். இப்போது திண்ணையில் ஒரு பெட்டி இருக்கிறது. மோட்டார் ஓடினால் அதில் பச்சை விளக்கு எரியும்.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் வகைப்பாடு சரியில்லை என்று சண்டைக்கு வர வேண்டாம். எத்தனை தூரம், எவ்வளவு டேட்டா என்று பார்த்தே நான் பிரிக்கிறேன். காதில் மாட்டுகிற ஹெட்செட்டுக்கு, பத்து மீட்டருக்குள், புளூடூத். வீட்டுக்குள் வைஃபை. ஊர் முழுக்க டவர் வழியாக 4ஜி, 5ஜி. ரவுட்டரில் தெரியும் '5ஜி' வேறு, அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. வேகம் அதிகம், சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். டிவி இருக்கும் அறையில் அதை வையுங்கள், மற்ற அறைகளுக்கு 2.4.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பகலில் ஒழுங்காக மும்முனை கரண்ட் வந்திருந்தால் எழுபது வயது மனிதர் இருட்டில் நடந்திருக்கவே வேண்டாம். பக்கத்துத் தோப்பு மாமா இன்னும் டார்ச்சோடுதான் போகிறார்.

உங்கள் வீட்டில் ரவுட்டர் எங்கே வைக்கப் போகிறீர்கள், நடுவில் எத்தனை சுவர் என்று கமெண்டில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.