மயக்க ஊசிக்கு முன் குறட்டையை விசாரியுங்கள்

கேள்வி: எண்டோஸ்கோபிக்கு மயக்க மருந்து தரும் முன், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாளிகளைக் கண்டுபிடிக்க எங்கள் நர்ஸ்களுக்கு எதைக் கற்றுத்தர வேண்டும்?
- நர்சிங் கண்காணிப்பாளர், மதுரை

பதில்: 'ஸ்டாப்-பேங்' படிவம் போதும். குறட்டை, பகல் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தது, உயர் ரத்த அழுத்தம், பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என எட்டு அம்சங்கள், தலா 1 மதிப்பெண். 3, 4 வந்தால் நடுத்தர அபாயம். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிக அபாயம்.

படிவம் எளிது, கேட்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். "குறட்டை விடுவீங்களா?" என்றால் பலரும் இல்லை என்பார்கள், பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். மாத்திரையால் பி.பி. கட்டுக்குள் இருந்தாலும் 'ஆம்' என்றே குறிக்க வேண்டும். கழுத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், குரல்வளை மேட்டின் உயரத்தில் டேப் வைத்து அளக்கப் பழக்குங்கள்.

மதிப்பெண் ஃபைலில் தூங்கினால் பயனில்லை. 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மருந்து ஏற்றும் முன்பே மயக்கவியல் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மயக்கத்துக்குத் தரும் மிடசோலமும், வலி மருந்தான ஃபென்டனிலும் சேர்ந்தால் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடலாம். ஆக்சிஜன் ஓடும்போது, மூச்சு நின்று சற்று நேரம் கழித்தே ஆக்சிமீட்டரில் அளவு இறங்கும். அதனால், வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் அலையைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் சிபாப் கருவி (தூக்கத்தில் காற்றழுத்தம் தந்து மூச்சுவழியைத் திறந்து வைப்பது) இருந்தால் கொண்டுவரச் சொல்லலாம்.