உப்பிய வெளிப்பூச்சு: கொத்துவதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: கடலூரில் 1996-ல் கட்டிய மாடி வீடு எங்களுடையது, செங்கல் சுவர். கிழக்குப் பக்கம் வெளிப்பூச்சு உப்பி, இரண்டு இடத்தில் விழுந்துவிட்டது. ஒரு ஒப்பந்ததாரர் நான்கு பக்கமும் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்கிறார். இன்னொருவர் பட்டி பார்த்து வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி? வேலையை எப்போது தொடங்கலாம்?

பதில்: இருவரில் யாராவது சுவரைத் தட்டிப் பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. தட்டாமல் சொன்ன யோசனை எதையும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுத்தியலின் மரப்பிடியால் சுவர் முழுக்க, ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே போங்கள். பூச்சு செங்கல்லோடு ஒட்டியிருந்தால் கெட்டியான சத்தம் வரும். விட்டுப்போயிருந்தால் பொக்கென்று கேட்கும். பொக்கு கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, தள்ளி நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு சுவரில் கால் பங்குக்குள் பொக்கு இருந்தால் அந்த இடங்களை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்துப் பூசலாம். பாதிக்கு மேல் போய்விட்டால் அந்தச் சுவரை முழுசாகக் கொத்துவதே நல்லது. இது நான் வேலையில் வைத்திருக்கும் கணக்கு. நல்ல நிலையில் இருக்கும் மற்ற மூன்று பக்கத்தையும் கொத்தினால் பணமும் போகும், செங்கல்லும் அடிபடும்.

படத்தில் வட்டங்கள் எங்கே கூடியிருக்கின்றன என்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அவையே காட்டிக்கொடுக்கும். மாடியின் கைப்பிடிச் சுவருக்குக் கீழே கூடியிருந்தால், அந்தச் சுவரின் தலைப் பூச்சு விரிந்து மழைநீர் உள்ளே இறங்குகிறது. சன்ஷேடுக்கு அடியில் என்றால், அதன் விளிம்பில் தண்ணீர் சொட்டி விழுவதற்கான காடி இருக்காது. நீர் அடிப்பக்கமாக ஓடி வந்து சுவரை நனைக்கும். குளியலறைக் குழாயை ஒட்டி இருந்தால் குழாய் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. கடலூரில் வடகிழக்குப் பருவமழை காற்றோடு சேர்ந்து அடிப்பது கிழக்குச் சுவரில்தான். உங்கள் சுவர் அந்தப் பக்கம் முதலில் போனது இயல்பு.

எங்கள் சொந்த வீட்டிலேயே இந்தத் தவறு நடந்தது. சுவரைப் புதிதாகப் பூசினோம், மேலே கைப்பிடிச் சுவரின் தலையைத் தொடவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் அதே இடம் மறுபடி உப்பியது. செலவு அத்தனையும் வீண். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எவ்வளவு நல்ல கொத்தனாரைக் கூப்பிட்டாலும் இதுதான் நடக்கும்.

பெயின்ட் யோசனையை நான் மறுப்பதும் இதனால்தான். மேலிருந்து உள்ளே இறங்கிய ஈரம் வெளிப்பக்கமாகத்தான் காய வேண்டும். வெளியே கெட்டியான பெயின்ட் படலத்தைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, படலத்தைக் கொப்புளமாகத் தள்ளும். தூண், பீம், சன்ஷேடு ஓரமாக நேர்கோட்டில் விரிசலும் செம்பழுப்புக் கறையும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. அது பூச்சு வேலையில் தீராது. கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். (இதைப் படிக்கும் வேறு யாருடைய வீடாவது பழைய சுண்ணாம்புச் சாந்து வீடாக இருந்தால், அதன் மேல் சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பிலேயே செய்யத் தெரிந்தவரைத் தேடுங்கள்.)

வேலைக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். கத்திரி வெயிலில் பூச்சு சீக்கிரம் உலர்ந்து வெடிக்கும். எந்த மாதமானாலும் கிழக்குச் சுவரை வெயில் திரும்பிய பிறகு, மதியத்துக்கு மேல் பூசச் சொல்லுங்கள்.

இனி ஒப்பந்தம். ஆள் பார்ப்பதற்கு முன் சுவரை நீங்களே அளந்துவிடுங்கள். 30 அடி நீளம், 21 அடி உயரம் என்றால் 630 சதுர அடி, அதாவது 6.3 சதுரம் (நூறு சதுர அடி ஒரு சதுரம்). 15 மில்லிமீட்டர் கனம், ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையில் ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை சிமென்ட்டும் 6 கன அடி மணலும் பிடிக்கும். இந்தச் சுவருக்கு ஏழு மூட்டை, அரை யூனிட்டுக்குள் மணல் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). பழைய சுவர் மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் எட்டு மூட்டை என்றாலும் ஏற்கலாம். பதினைந்து என்றாலும் மூன்று என்றாலும் காரணம் கேளுங்கள்.

விலை கேட்கக் குறைந்தது மூன்று பேரைக் கூப்பிட்டு, மூவருக்கும் அதே படத்தையும் அதே அளவையும் காட்டுங்கள். கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா? சாரம் யார் பொறுப்பு? இடிபாடுகளை அள்ளுவது யார்? ஜன்னல் இடத்தைக் கழிக்கிறாரா, அல்லது ஓரம் பூசும் வேலைக்கு ஈடாக அப்படியே விடுகிறாரா? இவை தெளிவாகாமல் மூன்று விலைகளை ஒப்பிடவே முடியாது. போன மாதம் முடித்த வேலையைக் காட்டினால் போதாது. இரண்டு மழைக்காலம் கண்ட வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே பூசிய கொத்தனார்தான் உங்கள் வீட்டுக்கும் வருகிறாரா என்றும் கேளுங்கள்.

செய்முறையையும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். செங்கல் தெரியும்வரை கொத்தி, செங்கல் இணைப்புகளை 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, முந்தின நாளே சுவரை நனைக்க வேண்டும். கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் ஓரடி அகலத்துக்குக் கோழிவலை அடிக்க வேண்டும். அங்கேதான் முதல் விரிசல் வரும். மணல், பூச்சு வேலைக்கென்றே கல்லை உடைத்துத் தயாரிக்கும் பி-சாண்டாக, சலித்ததாக இருக்க வேண்டும். உப்புக் கரிக்கும் தண்ணீர் கூடவே கூடாது. சிமென்ட்டையும் மணலையும் பெட்டியால் அளக்க வேண்டும். குழைத்த கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகியதில் தண்ணீர் ஊற்றி மறுபடி கிளறினால் அது சுவரில் நிற்காது. பூசியதும் வழுவழுப்புக்காக மேலே சிமென்ட் தூளைத் தூவித் தேய்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. நூல் நூலாக விரிசல் வருவது பெரும்பாலும் அதனால்தான். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள்.

நான் பார்த்தவரை அதிகம் கோட்டைவிடுவது கியூரிங்கில், அதாவது பூச்சைத் தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பதில்தான். பூசி முடித்ததும் மேஸ்திரி அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார், சுவர் காய்ந்து கிடக்கும். குறைந்தது ஏழு நாள், இப்போது அதிகம் கிடைக்கும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் என்றால் பத்து நாள், சுவர் உலராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது யார் வேலை என்று பெயரோடு எழுதுங்கள். நீங்களே செய்வதானாலும் சரி, ஆனால் எழுதுங்கள். பெயின்ட் அடிக்க 28 நாளாவது பொறுங்கள்.

முன்பணம் சாரத்துக்கும் முதல் லோடு பொருளுக்கும் போதுமான அளவு கொடுங்கள். மீதியைச் சுவர் வாரியாகக் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கை அடுத்த மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பது நல்லது. மேஸ்திரி ஒத்துக்கொள்ளாவிட்டால் பெயின்ட் தொடங்கும்வரையாவது. சாரத்துக்கு அருகே சர்வீஸ் வயர் போனால் முன்கூட்டியே மின்வாரிய அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களா என்றும் விசாரியுங்கள். உயரத்தில் நிற்பது அவர்கள் உயிர்.

சாரத்தின் வாடகை பேசும்போது அந்தப் பத்து நாளையும் சேர்த்தே பேசுங்கள். தண்ணீர் விட்டு முடித்த பிறகு, சாரம் பிரிப்பதற்கு முன், மேலே ஏறத் தெரிந்த ஒருவரை விட்டுப் புதுப் பூச்சையும் அதே மரப்பிடியால் தட்டச் சொல்லுங்கள். பொக்கு கேட்ட இடத்தை அன்றே வெட்டிப் பூச வைக்கலாம். சாரம் இறங்கிவிட்டால் மேல்சுவர் யார் கைக்கும் எட்டாது.