வெள்ளம், வீடு, மக்கள்: இலவச வரைபடத் தரவு பற்றிக் கேள்வி பதில்

2019 மார்ச் நடுவில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகருக்கு அருகே கரையைக் கடந்தது. புங்வே, புசி ஆறுகள் பெருகிச் சமவெளி கடல்போல் ஆனது. நிவாரணப் பணிக்கு வரைபடம் போடப் பழகுகிறவர்கள் இந்தப் பகுதியை வைத்துக் கேட்ட கேள்விகளும் பதில்களும் இங்கே.

சார், கூகுள் மேப் கையில் இருக்கும்போது ஓபன்ஸ்ட்ரீட்மேப் எதற்கு?

வழி பார்க்க எதுவானாலும் சரி. சுகாதார நிலையத்திலிருந்து 5 கி.மீ.க்கு அப்பால் எத்தனை வீடு என்று எண்ணவேண்டும் என்றால் படம் போதாது, அதன் அடியில் இருக்கும் தரவு வேண்டும். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் அதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுகிறது. நாடு முழுவதும் வேண்டுமானால் ஜியோஃபாப்ரிக் தளத்தில் தினமும் புதுப்பிக்கும் கோப்பு கிடைக்கும். ஒரு வட்டாரம் போதுமென்றால் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் குவிக்ஓஎஸ்எம் செருகுநிரல். கூகுள் படத்தைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைய உரிமம் இடம் தராது. வரைந்தது தெரிந்தால் நீக்கிவிடுவார்கள்.

அண்ணா, வெள்ளம் வந்த வாரத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் முழுக்க மேகம். நீர் எங்கே நிற்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்டினல்-1 எடுங்கள். அது ரேடார், மேகமும் இரவும் அதற்குத் தடையில்லை. அசையாத நீர்ப்பரப்பு கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் நீர் கறுப்பாகத் தெரியும்.

வெள்ளத்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். பெய்ராவுக்கு மார்ச் 1 முதல் 10 வரை முன், 10 முதல் 23 வரை பின் என்று வைக்கலாம். இரண்டும் ஒரே திசைப் பயணத்தில் எடுத்தவையாக இருக்கவேண்டும். ஒன்று வடக்கே ஏறும்போதும் மற்றது தெற்கே இறங்கும்போதும் எடுத்ததாக இருந்தால், பார்க்கும் கோணம் மாறி, மலைச்சரிவெல்லாம் 'வெள்ளம்' ஆகிவிடும். விஎச் முனைவாக்கத்தை (செங்குத்தாக அனுப்பிக் கிடையாகப் பெறும் அலை) தேர்ந்து, 50 மீ. ஆரத்தில் சராசரி எடுத்துப் புள்ளிப்புள்ளியான இரைச்சலைக் குறையுங்கள். பிறகு, திரும்பி வந்த அலையின் வலிமையில், பின் மதிப்பை முன் மதிப்பால் வகுங்கள். முன்பு -16 டெசிபல், பின்பு -22 என்றால் ஈவு 1.375. 1.25-ஐத் தாண்டினால் வெள்ளம் என்று கொள்வது பேரிடர்ப் பணிக்கு விண்வெளித் தரவைப் பயன்படுத்த உதவும் ஐ.நா. அமைப்பான யூஎன்-ஸ்பைடர் தரும் செய்முறை. அது தொடக்கப்புள்ளிதான். 1.2, 1.3 என்று மாற்றிப் பார்த்துக் கண்ணால் ஒப்பிடாமல் விடாதீர்கள்.

அடுத்து கழித்தல் வேலை. ஆண்டில் 10 மாதத்துக்கு மேல் நீர் இருக்கும் இடங்களை நீக்குங்கள். இல்லாவிட்டால் ஆறும் கழிமுகமும் சேதக்கணக்கில் ஏறும். செங்குத்துச் சரிவுகளையும், ஏழெட்டுப் புள்ளிகளுக்குள் அடங்கும் துண்டு துக்கடாக்களையும் எடுத்துவிடுங்கள்.

இந்த முறை கோட்டை விடுவது ஊருக்குள். சுவரும் தேங்கிய நீரும் சேர்ந்து அலையை இருமுறை மோதித் திருப்பி அனுப்புவதால், தெருவில் இடுப்பளவு நீர் நின்றாலும் படத்தில் வெளுப்பாகவே தெரியும். நீரில் நிற்கும் புதரும் மரமும் அப்படியே. காற்றடித்து நீர் சிலிர்த்திருந்தாலும் கறுப்பு குறையும். ஆகவே, பெய்ரா நகருக்குள் வெள்ளம் இல்லை என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்லக்கூடாது. செயற்கைக்கோள் கடக்கும் நாளும் வெள்ளம் உச்சத்தில் இருக்கும் நாளும் ஒன்றாக அமைவதும் அரிது.

நானும் தோழியும் ஒரே வெள்ளப் படத்தைத்தான் அளந்தோம். எனக்கு மட்டும் 13 சதவீதம் கூடுதலாக வருகிறது சார்.

இணைய வரைபடங்கள் உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையான வெப் மெர்கேட்டரில், அதாவது இபிஎஸ்ஜி என்ற குறியீட்டு எண் 3857-இல் அளந்திருக்கிறீர்கள். அது பூமத்திய ரேகையை விட்டு விலக விலக எல்லாவற்றையும் பெரிதாக்கும். பெய்ராவின் அகலாங்கில் பரப்பு ஏறக்குறைய 1.13 மடங்காகிறது, உங்கள் 13 சதவீதம் அதுதான். அடுக்கை, அந்தப் பகுதிக்குப் பொருந்தும் முறையான யூடிஎம் 36 தெற்குக்கு, இபிஎஸ்ஜி 32736-க்கு மாற்றி ஏற்றுமதி செய்து அளந்து பாருங்கள். திரையில் க்யூஜிஐஎஸ் திட்டத்தின் ஆய அச்சுமுறையை மட்டும் மாற்றினால் தரவு மாறாது. பாதிப்பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வீடுகளை வரையும்போது சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். என்ன தப்பு செய்கிறேன்?

பெரும்பாலும் நான்கு தப்பு. சாய்வாக எடுத்த படத்தில் கூரையை வரைவது (கூரை வடிவத்தை வரைந்து, அப்படியே நகர்த்தி அடித்தளத்தில் வையுங்கள்). மூலைகளைச் சதுரமாக்காமல் விடுவது: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் ஐடி திருத்தியில் க்யூ விசை ஒரு தட்டு. வட்டக் குடிசையை நாற்கோணமாக வரைவது: அதே திருத்தியில் ஓ விசை. ஒட்டியிருக்கும் நாலு வீட்டை ஒரே கட்டடமாக்குவது.

ஐந்தாவது ஒன்று உண்டு, அதில் தப்பு உங்களுடையதல்ல. ஒரு நிறுவனத்தின் செயற்கைக்கோள் படம் மற்றொன்றிலிருந்து பல மீட்டர் தள்ளியிருக்கும். ஏற்கெனவே வரைந்த சாலையெல்லாம் ஒரே பக்கமாக விலகித் தெரிந்தால் சாலையை இழுக்காதீர்கள், படத்தை நகர்த்துங்கள்.

வெள்ளப் பகுதியில் எத்தனை பேர் என்று வேர்ல்ட்பாப் என்ற கட்டவாரி மக்கள்தொகைத் தரவில் கணக்கிட்டேன். மாவட்ட மக்கள்தொகையைவிட நாலு மடங்கு வருகிறது!

100 மீ. கட்டத்தை 50 மீ. ஆக்கியிருப்பீர்கள். ஒரு கட்டத்தில் 20 பேர் என்றால், அதை நாலாக வெட்டியதும் ஒவ்வொன்றிலும் 20 நிற்கிறது. ஆட்தொகைக் கட்டங்களை மறுஅளவு செய்யாதீர்கள். வெள்ளப் படத்தைப் பலகோணமாக்கி, க்யூஜிஐஎஸ்ஸின் மண்டலப் புள்ளிவிவரக் கருவியில் (Zonal Statistics) கூட்டுத்தொகை எடுங்கள். வேர்ல்ட்பாப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று எல்லாக் கட்டத்திலும் ஆட்களைத் தெளிக்கும், சதுப்பு நிலத்திலும்கூட. கட்டடம் உள்ள கட்டங்களில் மட்டும் ஆட்களை வைப்பது மற்றது. வெள்ளக் கணக்குக்கு இரண்டாவதுதான் ஏற்றது. எதுவானாலும் தலை எண்ணியது அல்ல, மதிப்பீடு. அறிக்கையில் 41,273 என்று எழுதாமல் 'சுமார் 40,000' என்று எழுதுங்கள்.

ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவுக் கோப்பில் போர்ச்சுகீசிய ஊர்ப்பெயர்கள் கன்னாபின்னாவென்று வருகின்றன.

எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி துணைக்கோப்பு தொலைந்திருக்கும். அடுக்கின் பண்புகளில் யூடிஎஃப்-8 என்று கொடுத்துப் பாருங்கள். அதைவிட ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறிவிடுங்கள். ஒரே கோப்பு, எதுவும் உதிராது. ஷேப்ஃபைலில் அட்டவணைப் பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்; காலும் கொம்பும் தனிக்கணக்கு. 'மாவட்டம்' என்று வைத்தால் 'மாவ'வோடு நின்றுவிடும்.

இரண்டு அட்டவணைகளை ஊர்ப்பெயரை வைத்து இணைத்தால் பாதிதான் சேர்கிறது.

பெயரை விடுங்கள். ஐ.நா.வின் நிவாரணத் தரவுத் தளமான எச்டிஎக்ஸில் கிடைக்கும் நிர்வாக எல்லைக் கோப்புகளில் ஒவ்வொரு இடத்துக்கும் பி-கோடு என்ற தனிக் குறியீடு இருக்கும், அதை வைத்து இணையுங்கள்.

களத்தில் இணையம் இல்லாமல் முகாம்களைப் பதிய வேண்டும். அதை அப்படியே வெளியிடலாமா?

பதிய கியூஃபீல்டு, கோபோ என்ற கைப்பேசிச் செயலிகளில் ஒன்று போதும். தகரக் கூரைக்கு வெளியே வந்து, ஜிபிஎஸ் துல்லியம் 5 மீ.க்குள் இறங்கியபின் புள்ளியை எடுங்கள்.

அப்படியே வெளியிட வேண்டாம். இடம்பெயர்ந்தவர்கள், குறிப்பாகப் பெண்களுக்கான தங்குமிடம், எங்கே என்று தெரிந்தால் தேடி வருகிறவர்கள் எல்லோரும் உதவ வருகிறவர்கள் இல்லை. மாவட்ட அளவில் கூட்டிய எண்ணிக்கையை மட்டும் பொதுவில் போடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைப் பத்திகளை நீக்கிவிட்டு, கூடவே போகும் புகைப்படங்களையும் ஒரு முறை பாருங்கள்: கைப்பேசி எடுத்த படத்துக்குள்ளேயும் இடக்குறிப்பு பதிந்திருக்கும்.