ஓப்பன் சோர்ஸ் கேமுக்குப் படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லைசென்ஸ் சந்தேகங்கள். கேமின் கோட் எந்த லைசென்ஸ், படம் எங்கே கிடைத்தது என்று எதையும் சொல்லாமல், “இந்தப் படத்தைப் போடலாமா?” என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் தர வழியில்லை. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கோட் முழுக்க ஜிபிஎல் 3. படங்களும் ஜிபிஎல்லில்தான் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜிபிஎல் என்பது, மாற்றி வெளியிடுகிறவரும் அதே லைசென்ஸில் கோடைத் திறந்து தர வேண்டும் என்ற லைசென்ஸ். 0 ஏ.டி. கேமின் கோட் ஜிபிஎல், படங்கள் சிசி பை-எஸ்ஏ 3.0 (கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்: வரைந்தவர் பெயர் போட வேண்டும், மாற்றியதையும் அதே லைசென்ஸில் விட வேண்டும்). வெஸ்நாத் என்ற கேம் ரொம்ப காலம் படம், இசை எல்லாவற்றையும் ஜிபிஎல்லிலேயே வைத்திருந்தது. பிற்பாடுதான் சிசி பை-எஸ்ஏ 4.0-வையும் ஏற்றுக்கொண்டது. எதுவானாலும் முதல் படம் வரும் முன்பே முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்ற நினைத்தால் வரைந்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டும்.

இலவசப் படங்கள் எங்கே கிடைக்கும்?

ஓப்பன்கேம்ஆர்ட் 2009-இலிருந்து இருக்கிறது; அதில் ஒவ்வொரு படத்துக்கும் லைசென்ஸ் வேறு, பார்த்து எடுங்கள். கென்னி தளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, சிசி ஜீரோ, அதாவது எந்த நிபந்தனையும் இல்லாதவை. 3டி டெக்ஸ்சர் வேண்டுமென்றால் பாலி ஹேவன், ஆம்பியன்ட்சிஜி, இரண்டும் சிசி ஜீரோ. கிளிட்ச் என்ற ஆன்லைன் கேம் மூடப்பட்ட பின், அதைச் செய்த டைனி ஸ்பெக் நிறுவனம் அதன் படங்களை 2013-இல் சிசி ஜீரோவாக விட்டது. 2டி-யில் அவ்வளவு அழகான தொகுப்பு அபூர்வம்.

இட்ச் தளத்தில் ‘ஃப்ரீ’ என்று போட்டிருப்பதை நம்பி அள்ளாதீர்கள். கேமுக்குள் பயன்படுத்தலாம், கோப்பைத் தனியாக மறுபடி பகிரக்கூடாது என்று பலர் நிபந்தனை போட்டிருப்பார்கள். திறந்த ரெப்போவில் (கேமின் கோப்புகளை யாரும் எடுக்கும்படி வைக்கும் இடம்) ஒரு பிஎன்ஜி படக்கோப்பைப் போடுவதே மறுபகிர்வுதான்.

நாங்கள் கேமை விற்கப் போவதில்லை. என்சி (வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற) படங்களைச் சேர்த்தால் என்ன?

நீங்கள் விற்கமாட்டீர்கள். உங்கள் கேமை எடுத்துத் தொகுத்து விற்கும் உரிமை இன்னொருவருக்கு இருந்தால்தான் அது ஓப்பன் சோர்ஸ். என்சி படம் உள்ள கேமை டெபியன் லினக்ஸ் தன் முதன்மைத் தொகுப்பில் சேர்க்காது. என்டி (மாற்றி வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை) இன்னும் மோசம். சட்டையின் நிறத்தை மாற்றிக்கூட வெளியிட முடியாது.

கேமில் சுமார் 300 படங்கள். அடுத்த மாதம் வெளியீடு. யார் வரைந்தது என்று பலவற்றுக்குத் தெரியவில்லை. “படங்கள்: இணைய நண்பர்கள், நன்றி” என்று போட்டால் போதுமா?

போதாது. இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. சம்பளம் இல்லாமல் ராத்திரி கண்விழித்து ஒரு நடை அனிமேஷனை ஃபிரேம் ஃபிரேமாக வரைந்தவர் பதிலுக்குக் கேட்பது பெயர் போடும் ஒரு வரி. அதைக்கூடத் தராமல் ‘நண்பர்கள்’ என்று மொத்தமாக மூடுவது நன்றி ஆகாது. பெயர் போட வேண்டும் என்ற சிசி பை படமாக இருந்தால் அது லைசென்ஸ் மீறலும்கூட.

எல்பிசி (லிபரேட்டட் பிக்சல் கப்) படங்களை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ், ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் (எஃப்எஸ்எஃப்), மொசில்லா, ஓப்பன்கேம்ஆர்ட் சேர்ந்து 2012-இல் நடத்திய போட்டியில் பிறந்த தொகுப்பு அது. உடம்பை ஒருவர், முடியை ஒருவர், கவசத்தை ஒருவர் வரைந்திருப்பார்கள். திரையில் நிற்கும் ஒரே வீரனுக்கு ஐந்தாறு பெயர்கள் வரலாம். எல்பிசி பாத்திர ஜெனரேட்டர் பாத்திரத்தோடு பெயர்ப் பட்டியலையும் தருகிறது. அதையும் சேர்த்து இறக்கி வைத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

சரி, இப்போது என்ன செய்வது? கிட் பதிவில் (ரெப்போவின் மாற்ற வரலாற்றில்) அந்தப் படத்தைச் சேர்த்தவர் யார் என்று பார்த்து அவரிடமே கேளுங்கள். படத்தை வைத்துத் தேடுங்கள். கண்டுபிடித்தவற்றுக்குக் கோப்பின் பெயர், வரைந்தவர், சுட்டி, லைசென்ஸும் அதன் பதிப்பு எண்ணும், நீங்கள் செய்த மாற்றம், இவ்வளவையும் ஒரே கோப்பில் எழுதுங்கள். வேறு கேமிலிருந்து உருவிய ஸ்பிரைட்டை (பாத்திரம், பொருள் போன்றவற்றின் சிறு படம்) தன் படம் என்று ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. ஏற்றியவரின் மற்ற படங்களையும் ஒரு பார்வை பாருங்கள். கண்டுபிடிக்க முடியாததை நீக்குங்கள். வெளியீடு தள்ளிப்போனால் போகட்டும். இனி வரும் படத்துக்கு, வந்த அன்றைக்கே எழுதுங்கள். சிசி ஜீரோவுக்கும்தான்.

கோயில் சிற்பங்களின் போட்டோக்களைப் பின்னணியாக வைக்கலாமா?

பழங்காலச் சிற்பத்துக்குக் காப்பிரைட் இல்லை, போட்டோ எடுத்தவருக்கு உண்டு. நீங்களே போய் எடுங்கள்.

ஏஐ-யில் உருவாக்கிய படங்கள்?

என் யோசனை, வேண்டாம். மனிதப் படைப்பு இல்லாத படத்துக்கு அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் பதிவு தருவதில்லை. உங்களுக்கே உரிமை இல்லாத படத்துக்கு எதை வைத்து ஷேர்-அலைக் லைசென்ஸ் (பை-எஸ்ஏ-வில் உள்ள, அதே லைசென்ஸில் பகிர வேண்டும் என்ற நிபந்தனை) தருவீர்கள்? தவிர, பெயர்க் கோப்பில் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் எழுதவும் எதுவும் இருக்காது.

ஓவியர் யாரும் வந்து சேரமாட்டேன் என்கிறார்கள்.

“ஓவியர் தேவை” என்று மட்டும் எழுதினால் யாரும் வரமாட்டார்கள். கென்னி படங்களை வைத்தாவது கேமை ஓடவைத்துக் காட்டுங்கள். அப்புறம் சின்னதாக, துல்லியமாகக் கேளுங்கள்: 32-க்கு 32 பிக்சல், மரக்கதவு, திறந்தும் மூடியும், ஒளி இடது மேல்பக்கம், இந்தப் பேலட் (நிறத் தொகுப்பு). ஓப்பன்டிடிடி என்ற கேம் வெகுகாலம் டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் என்ற பழைய கேமின் படக்கோப்புகளை நம்பித்தான் ஓடியது. பலர் பகுதி பகுதியாக வரைந்த ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ் படத்தொகுப்பு வந்த பிறகு, 2010-இல் 1.0 வெளியானபோது அந்தக் கோப்புகள் தேவைப்படவில்லை. வருகிறவரிடம் பிஎன்ஜியோடு லேயர் உள்ள மூலக் கோப்பையும் வாங்குங்கள்.

தமிழ் எழுத்துரு?

நோட்டோ சான்ஸ் தமிழ். லைசென்ஸ் கோப்பையும் கூடவே வையுங்கள்.